நடத்தையை மாற்றுவது எப்படி: கற்றலில் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

“எத்தனை முறை சொல்லியும் திருந்தவில்லை” என்று பிள்ளையைப் பற்றிச் சொல்கிறோம்; நம்மைப் பற்றியும் சொல்லிக்கொள்கிறோம். அந்த வேதனை உண்மையானது. ஆனால் சொன்னால் நடத்தை மாறிவிடும் என்ற கணக்கு தவறானது. ஒரு செயலுக்குச் சற்று முன் என்ன இருக்கிறது, அதைச் செய்ததும் என்ன கிடைக்கிறது என்ற இரண்டும்தான் பெரும்பாலான நடத்தைகளைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. அறிவுரை இந்த இரண்டையும் தொடுவதில்லை. அதனால்தான், கேட்டவர் மனதார ஒப்புக்கொண்ட பிறகும் மறுநாள் அதே செயல் நடக்கிறது. அவரைச் சோம்பேறி என்றோ பிடிவாதக்காரர் என்றோ அழைப்பது அநியாயம். அது உதவுவதும் இல்லை.

முதலில் நடத்தை எப்படிக் கற்கப்படுகிறது என்று பார்த்துவிடுவோம். அது தெரியாமல் படிகளுக்குப் போனால் அவை வெறும் சடங்காகிவிடும். உங்களிடமோ உங்கள் பொறுப்பில் இருக்கும் ஒரு பிள்ளையிடமோ ஒரு குறிப்பிட்ட நடத்தையை மாற்ற இந்த வழிகாட்டி உதவும்.

நடத்தை எப்படி ஒட்டிக்கொள்கிறது

ரஷ்ய உடலியல் அறிஞர் இவான் பாவ்லோவ் செரிமானத்தை ஆராய்ந்து 1904இல் நோபல் பரிசு பெற்றவர். உணவு வாயில் படுவதற்கு முன்பே, அது வரப்போகிறது என்ற அடையாளம் தெரிந்ததுமே அவருடைய ஆய்வுக்கூட நாய்களுக்கு எச்சில் ஊறியது. தனக்கென எந்தப் பொருளும் இல்லாத ஓர் ஒலி, உணவுக்கு முன்னால் திரும்பத் திரும்ப வந்தபோது, உணவின் வேலையைச் செய்யத் தொடங்கியது. கைப்பேசியின் அறிவிப்பு ஒலி கேட்டதும் கை தானாக நீள்வதும், முன்பு ஊசி போட்ட அறையின் வாடை பட்டதும் குழந்தை அழத் தொடங்குவதும் இதே வகைக் கற்றல்தான். வெறுமனே அடுத்தடுத்து நடந்தால் மட்டும் இது வருவதில்லை. ஒன்று மற்றொன்றை நம்பகமாக முன்னறிவிக்க வேண்டும் என்பதை 1968இல் ராபர்ட் ரெஸ்கோர்லா எலிகளிடம் காட்டினார்.

இரண்டாவது வழி, விளைவிலிருந்து கற்பது. எட்வர்ட் தார்ன்டைக் 1898இல் பூனைகளை மரப்பெட்டிகளுக்குள் விட்டுப் பார்த்தார். அவை பிராண்டின, கடித்தன, தற்செயலாகத் தாழ்ப்பாளை அசைத்து வெளியே வந்தன. அடுத்தடுத்த முறைகளில் வீண் அசைவுகள் படிப்படியாகக் குறைந்து, பலன் தந்த அசைவு மட்டும் எஞ்சியது. பி. எஃப். ஸ்கின்னர் இதைப் பல பத்தாண்டுகள் நுணுக்கமாக ஆராய்ந்தார். பலன் தரும் செயல் கூடுகிறது. அதை வலுவூட்டல் என்கிறோம். பலன் என்றால் பரிசு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. தொல்லை ஒன்று விலகுவதும் பலன்தான், பல சமயம் பரிசைவிட வலிமையான பலன். கடினமான வேலையைத் தள்ளிப்போட்டதும் நெஞ்சில் ஒரு தளர்வு வருகிறதே, அந்தத் தளர்வுதான் நாளைக்கும் தள்ளிப்போடச் சொல்லிக்கொடுக்கிறது.

மூன்றாவது வழி, பார்த்துக் கற்பது. ஆல்பர்ட் பாண்டுரா 1961இல் நடத்திய ஆய்வில், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த சிறுவர்கள், பின்னர் தாங்களும் அதே விதமாக, சில சமயம் அதே சொற்களைச் சொல்லி அடித்தார்கள். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அவருடைய 1965 ஆய்வு. அடித்தவர் தண்டிக்கப்படுவதைப் பார்த்த சிறுவர்கள் குறைவாகவே அப்படிச் செய்தார்கள். ஆனால் ‘பார்த்ததைச் செய்துகாட்டினால் பரிசு’ என்றதும் அவர்களும் மற்றவர்களைப் போலவே செய்துகாட்டினார்கள். கற்றல் முன்பே நடந்து முடிந்திருந்தது. செய்துகாட்டத் தருணம் மட்டுமே இல்லாமல் இருந்தது. வீட்டில் பெரியவர்கள் கோபத்தை எப்படிக் கையாளுகிறார்கள் என்பதைப் பிள்ளை அன்றே செய்துகாட்டாவிட்டாலும் கற்றுக்கொள்கிறது.

இந்த மூன்று வழிகளில் நுழைந்த செயல் ஒரே இடத்தில், ஒரே சூழலில் திரும்பத் திரும்ப நடந்தால் பழக்கமாகிறது. அதன் பிறகு முடிவெடுக்கும் மனம் விலகிக்கொள்ள, சூழலே செயலைத் தொடங்கிவைக்கிறது. வெண்டி வுட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், அன்றாடச் செயல்களில் ஏறத்தாழ 43 சதவீதம், ஏறக்குறைய தினமும் ஒரே சூழலில், பெரும்பாலும் வேறு எதையோ நினைத்துக்கொண்டு செய்யப்படுபவையாக இருந்தன. யோசிக்காமல் நடக்கும் செயலை யோசனையை மட்டும் கொண்டு நிறுத்துவது அதனால்தான் அவ்வளவு கடினம்.

படி 1: குணத்தை விட்டு, கண்ணால் காணக்கூடிய செயலை எழுதுங்கள்

“பொறுப்பில்லை”, “கவனமில்லை”, “எனக்கு ஒழுக்கம் போதாது” ஆகியவை தீர்ப்புகள். தீர்ப்பை மாற்ற முடியாது, செயலை மாற்றலாம். “இரவு படுத்த பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் கைப்பேசி பார்க்கிறேன்”, “வீட்டுப்பாடம் எழுதச் சொன்னதும் புத்தகத்தை வீசுகிறாள்” என்று எழுதுங்கள். இன்னொருவர் அதைப் படித்துவிட்டு, செயல் நடந்ததா இல்லையா என்று உங்களைக் கேட்காமலே எண்ண முடிய வேண்டும்; அதுதான் அளவுகோல். ஒரே நேரத்தில் ஒரு செயல் போதும்.

படி 2: கை வைப்பதற்கு முன் ஒரு வாரம் கவனியுங்கள்

பெரும்பாலானோர் தாண்டிக் குதிக்கும் படி இது. மாற்றும் ஆவல் மேலோங்கி இருக்கும்போது வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பது பொறுமையைச் சோதிக்கும். ஆனாலும் இதை விடாதீர்கள். ஒரு தாளில் மேலிருந்து கீழாக மூன்று பத்திகள் போடுங்கள்: முன், செயல், பின். செயல் நடக்கும் ஒவ்வொரு முறையும் நேரம், இடம், அருகில் இருந்தவர்கள், சற்று முன் நடந்தது, மனநிலை ஆகியவற்றை முதல் பத்தியிலும், செயலுக்குப் பின் அடுத்த நொடிகளில் என்ன நடந்தது என்பதை மூன்றாவது பத்தியிலும் குறியுங்கள். அன்றே எழுதுங்கள், வார இறுதியில் நினைவிலிருந்து எழுதினால் மனம் தனக்கு வசதியான கதையைச் சொல்லும்.

இந்தத் தாள் இன்னொன்றுக்கும் பயன்படும். மாற்றம் தொடங்கிய பிறகு, உண்மையில் குறைந்திருக்கிறதா என்று ஒப்பிட உங்களிடம் ஓர் எண்ணிக்கை இருக்கும்.

படி 3: அந்தச் செயல் என்ன சம்பாதிக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

இதுதான் முழு வேலையின் மையம். மூன்றாவது பத்தியைப் படித்துப் பாருங்கள். செயலின் பலன் பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும்: பிறருடைய கவனம், விரும்பிய பொருள் அல்லது வாய்ப்பு, பிடிக்காத ஒன்றிலிருந்து விடுதலை, உடலுக்குக் கிடைக்கும் உணர்வு.

வெளியே ஒரே மாதிரி தெரியும் செயலுக்கு உள்ளே வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். அமெரிக்க ஆய்வாளர் பிரையன் இவாட்டாவும் அவருடைய குழுவினரும் 1982இல், தங்களையே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகளைப் பல சூழல்களில் வைத்துக் கவனித்தார்கள். ஒரு பிள்ளைக்கு அது பெரியவரின் கவனத்தைக் கொண்டுவந்தது. இன்னொரு பிள்ளைக்குக் கடினமான பாடத்திலிருந்து விடுதலை தந்தது. வேறு சிலர் தனியாக இருக்கும்போதே அதிகம் செய்தார்கள்.

இதன் நடைமுறைப் பொருள் மிகப் பெரியது. புத்தகத்தை வீசும் பிள்ளையைத் தனி அறைக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். கவனத்துக்காக வீசும் பிள்ளைக்கு அது இழப்பு. பாடத்திலிருந்து தப்பிக்க வீசும் பிள்ளைக்கோ கேட்டது கிடைத்துவிட்டது. நாளை இன்னும் வேகமாக வீசும். தண்டித்ததாக நாம் நினைக்கும் அதே நேரத்தில் வலுவூட்டிக்கொண்டிருப்போம். காரணம் தெரியாமல் தீர்வைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று நான் திரும்பத் திரும்ப வலியுறுத்துவது இதனால்தான்.

பெரியவர்களுக்கும் இதே கணக்குதான். இரவுக் கைப்பேசி ஒருவருக்குத் தனிமையைப் போக்குகிறது, இன்னொருவருக்கு நாளைய வேலையைப் பற்றிய கவலையை மறக்கடிக்கிறது, மூன்றாமவருக்கு நாள் முழுவதும் கிடைக்காத சொந்த நேரத்தைத் தருகிறது. மூவருக்கும் ஒரே அறிவுரை பலிக்காது.

படி 4: அதே பலனைத் தரும் வேறு செயலைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு செயலை எடுத்துவிட்டால் அது நிறைவேற்றிய தேவை அங்கேயே நிற்கும். எட்வர்ட் கார், மார்க் டூரண்ட் இருவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், வகுப்பில் தொல்லை தந்த பிள்ளைகளுக்கு உதவி கேட்கவும் பாராட்டை நாடவும் எளிய வாக்கியங்களைக் கற்றுக்கொடுத்தார்கள். செயலின் காரணத்துக்குப் பொருத்தமான வாக்கியம் கிடைத்தபோது தொல்லை குறைந்தது. பொருந்தாத வாக்கியம் கற்றபோது குறையவில்லை. “இது எனக்குப் புரியவில்லை, உதவுங்கள்” என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் புத்தகத்தை வீச வேண்டிய அவசியம் குறைகிறது. கேட்டதும் உதவி உடனே வர வேண்டும். தொடக்க நாட்களில் இதில் தாமதமே கூடாது.

நகம் கடிப்பது, முடி பிடுங்குவது போன்றவற்றுக்கு நேதன் அஸ்ரின், ராபர்ட் நன் ஆகியோர் 1973இல் ஒரு முறையை வகுத்தார்கள். கை மேலே எழும் தருணத்தைக் கவனிக்கப் பழகுங்கள். எழுந்ததும், அந்தச் செயலோடு சேர்ந்து செய்ய முடியாத ஓர் அசைவைச் செய்யுங்கள்: விரல்களை மடக்கி இறுக்குவது, ஒரு பொருளைப் பற்றிக்கொள்வது. உந்துதல் தணியும்வரை ஓரிரு நிமிடங்கள் அப்படியே இருங்கள். இதில் பாதி வேலை அந்தத் தருணத்தைக் கவனிப்பதுதான்.

படி 5: சூழலை மாற்றுங்கள்

மன உறுதியை நம்புவதற்கு முன் அறையை மாற்றுங்கள். சூழலின் வலிமைக்கு எனக்குத் தெரிந்த மிகப் பெரிய சான்று வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள். 1971இல் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் தொடர்ந்து ஆராய்ந்தார். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர், அங்கே இருந்தபோது ஹெராயின் போன்ற போதைப்பொருளுக்கு அடிமையாகியிருந்ததாகச் சொன்னார். நாடு திரும்பிய முதல் ஆண்டில் அவர்களில் மீண்டும் அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம் மட்டுமே. எளிதில் கிடைத்த போதைப்பொருள், போரின் அச்சம், கூட இருந்தவர்கள் என எல்லாமே மாறியிருந்தன. எல்லா அடிமைத்தனமும் இடம் மாறினால் தீரும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஆனால் ஆளுக்குள் இருப்பதாக நாம் நினைக்கும் எவ்வளவோ விஷயங்கள் அவரைச் சுற்றித்தான் இருக்கின்றன.

உங்களுக்கும் நிறுத்த விரும்பும் செயலுக்கும் நடுவே தடைகளை வையுங்கள்; உங்களுக்கும் வளர்க்க விரும்பும் செயலுக்கும் நடுவே இருக்கும் தடைகளை எடுங்கள். கைப்பேசியின் மின்னேற்றி படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படி செயலியிலிருந்து வெளியேறிவிடுங்கள். படிக்க வேண்டிய புத்தகம் திறந்த நிலையில் மேசை மேல் இருக்கட்டும். இருபது நொடித் தடையே பல சமயம் பழக்கத்தை உடைத்து, யோசிக்க இடம் தருகிறது. வீடு மாறுவது, புது வேலை, நீண்ட விடுமுறையிலிருந்து திரும்புவது போன்ற சமயங்களில் பழைய தூண்டல்கள் தாமாகவே கலைந்திருக்கும்; புதிதாக ஒன்றைத் தொடங்க அவை மிக நல்ல வாய்ப்புகள்.

படி 6: எப்போது, எங்கே என்று முடிவு செய்து, செயலைச் சிறிதாக்குங்கள்

பிரிட்டனில் மில்ன், ஆர்பெல், ஷீரன் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். உடற்பயிற்சியின் நன்மையை விளக்கும் ஊக்கக் குறிப்பை ஒரு குழு படித்தது. அதில் 35 சதவீதம் பேர் அந்த வாரம் பயிற்சி செய்தார்கள். அந்தக் குறிப்பைப் படிக்காத குழுவில் 38 சதவீதம். அதே குறிப்போடு, எந்த நாள், எந்த நேரம், எந்த இடத்தில் செய்வேன் என்றும் எழுதிக்கொடுத்த குழுவில் 91 சதவீதம்! ஊக்கப் பேச்சுகளுக்காகச் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியையாவது இதற்குக் கொடுங்கள்.

“இனி எழுதப் போகிறேன்” என்பதற்குப் பதிலாக “காலையில் முகம் கழுவி வந்ததும், ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து மூன்று வரி எழுதுவேன்” என்று எழுதுங்கள். ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு செயலுக்குப் பின்னால் புதியதை ஒட்டவைப்பது நல்லது.

சிறிதாக்குவது என்றால் மிக மோசமான நாளிலும் முடியும் அளவுக்குச் சிறிதாக்குவது. முழுச் செயலும் ஒரே நாளில் வராது. ஸ்கின்னர் புறாக்களைப் பழக்கியபோது, விரும்பிய திசையில் திரும்பிய சிறு அசைவுக்கே முதலில் தானியம் கொடுத்தார். பிறகு மேலும் நெருங்கிய அசைவுக்கு மட்டும் கொடுத்தார். பிள்ளை முழுப் பாடத்தையும் முடித்த பிறகு பாராட்டலாம் என்று காத்திருந்தால் அந்தப் பாராட்டு வராமலே போகலாம். புத்தகத்தைத் திறந்ததைக் கவனியுங்கள்; அது நிலைத்த பிறகு முதல் கணக்கை எதிர்பாருங்கள்.

படி 7: பலன் உடனே, முதலில் ஒவ்வொரு முறையும்

நல்ல பழக்கங்களின் பலன் மாதங்கள் கழித்து வருகிறது. கெட்ட பழக்கங்களின் பலன் நொடிகளில் வருகிறது. இந்த இடைவெளியை நாம்தான் நிரப்ப வேண்டும். நாட்காட்டியில் ஒரு குறி, பிடித்த பாட்டு, நண்பருக்கு ஒரு செய்தி, பிள்ளைக்கு “நீயாகவே புத்தகத்தை எடுத்தாய், பார்த்தேன்” என்று சொல்லும் ஒரு வாக்கியம் எதுவாக இருந்தாலும் செயல் முடிந்த உடனே வர வேண்டும். பாராட்டு செயலைக் குறிப்பிடட்டும். “நல்ல பிள்ளை” என்பதிலிருந்து எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரியாது. செயல் நிலைத்ததும் பலனை இடைவெளி விட்டுக் கொடுங்கள். எப்போதாவது கிடைக்கும் பலனால் வளர்ந்த செயல் எளிதில் அணையாது.

ஓர் எச்சரிக்கை. ஒருவர் ஏற்கெனவே விரும்பிச் செய்வதற்குப் பரிசு அறிவிக்காதீர்கள். லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோரின் 1973 ஆய்வில், படம் வரைவதை விரும்பிய சிறுவர்களில் ஒரு குழுவுக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். பின்னர், பரிசு இல்லாத நாட்களில், அந்தச் சிறுவர்களே மற்றவர்களைவிடக் குறைவாக வரைந்தார்கள். சொல்லாமல் திடீரெனச் சான்றிதழ் பெற்றவர்களின் ஆர்வம் அப்படிக் குறையவில்லை.

படி 8: பழைய செயலுக்கு வரும் பலனை நிறுத்துங்கள்

பலன் நின்றால் செயல் தேயும். ஆனால் தேய்வதற்கு முன் பல சமயம் ஒருமுறை உக்கிரமாகும். அழுதால் கைப்பேசி கிடைத்து வந்த பிள்ளைக்கு அது கிடைக்காமல் போனால், அழுகை முதலில் கூச்சலாகும். இந்த இடத்தில்தான் பலரும் தளர்ந்துபோய்க் கொடுத்துவிடுகிறார்கள். அழுகை போதாது, கூச்சல்தான் வேண்டும் என்று பிள்ளை அப்போது கற்கிறது. அத்துடன் எப்போதாவது கிடைக்கும் என்ற நம்பிக்கையும் சேர்ந்துவிடுகிறது. எனவே தாக்குப்பிடிக்க முடியாத நாளில் இதைத் தொடங்காதீர்கள். வீட்டில் உள்ள எல்லாரும் ஒத்துக்கொண்ட பிறகே தொடங்குங்கள். படி 4இல் சொன்ன மாற்றுச் செயல் கையில் இல்லாமல் பலனை மட்டும் நிறுத்துவது பிள்ளைக்குக் கொடுமை.

தண்டனையைப் பற்றி என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தண்டிப்பவர் இருக்கும் இடத்தில் செயல் நிற்கும், ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதை அது சொல்லிக்கொடுப்பதில்லை. அச்சம், தண்டிப்பவரைத் தவிர்ப்பது, மறைத்துச் செய்வது ஆகியவற்றை அது கூடவே கற்றுக்கொடுக்கிறது. அடிப்பது பாண்டுராவின் சிறுவர்கள் கற்ற பாடத்தையும் சேர்த்துக் கற்பிக்கிறது. அடிக்காதீர்கள்.

அச்சத்தால் தவிர்க்கும் செயல் என்றால்

இங்கே மட்டும் வழி சற்று மாறும். மேரி கவர் ஜோன்ஸ் 1924இல், முயலைக் கண்டு நடுங்கிய ஒரு சிறுவனுக்குப் பிடித்த உணவு கொடுத்துக்கொண்டே, முயலைத் தொலைவிலிருந்து சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார். இறுதியில் அவன் அதைத் தடவிக்கொடுத்தான். அஞ்சும் சூழல்களை எளிதிலிருந்து கடினம்வரை வரிசைப்படுத்துங்கள். எளிதானதில் நுழைந்து, பதற்றம் ஓரளவு தணியும்வரை அல்லது அஞ்சியது நடக்கவில்லை என்று தெளியும்வரை இருங்கள். பிறகே அடுத்ததற்குப் போங்கள். பாதியில் ஓடிவந்தால், தப்பித்த தளர்வு அச்சத்தை வளர்க்கும்.

படி 9: காலத்தையும் சறுக்கலையும் முன்கூட்டியே கணக்கில் எடுங்கள்

21 நாட்களில் பழக்கம் வந்துவிடும் என்று பலரும் சொல்கிறார்கள். அதை நம்பித் தொடங்கி, 22ஆம் நாள் மனம் உடைந்து விட்டவர்களுக்காக வருந்துகிறேன். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரங்கள் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் தானாக நடக்கும் நிலையை எட்ட நடு அளவாக 66 நாட்கள் ஆயின (பாதிப் பேருக்கு இதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம்). ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 நாட்களிலிருந்து, கணிப்பின்படி 254 நாட்கள்வரை வேறுபட்டது. எளிய செயல் விரைவில் படிந்தது, உடற்பயிற்சிக்கு அதிக நாட்கள் பிடித்தன. ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கவில்லை.

பழைய கற்றல் அழிவதில்லை என்பதையும் அறிந்திருங்கள். மார்க் பூட்டனின் நெடுங்கால ஆய்வுகள் காட்டுவது இதைத்தான்: அணைந்ததாகத் தோன்றும் செயலுக்கு மேல் புதிய கற்றல் ஒன்று படிந்திருக்கிறது. அந்தப் புதிய கற்றல், அது கற்கப்பட்ட இடத்தோடு இறுக்கமாகப் பிணைந்தது. பழைய நண்பர்கள், பழைய வீடு, கடும் சோர்வு ஆகியவை பழையதைத் திரும்ப எழுப்பலாம். எனவே புதிய செயலை ஒரே அறையில், ஒரே ஆளோடு மட்டும் பழகாமல் வெவ்வேறு இடங்களிலும் நேரங்களிலும் பழகுங்கள். சறுக்க வாய்ப்புள்ள மூன்று சூழல்களை இப்போதே எழுதி, ஒவ்வொன்றுக்கும் “அது நேர்ந்தால் இதைச் செய்வேன்” என்று ஒரு வரி சேர்த்துவையுங்கள்.

மது, தூக்க மாத்திரை போன்றவற்றுக்கு உடல் பழகியிருந்தால் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்; மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நடத்தை, வாழ்க்கையை முடக்கும் அச்சம், வாரக்கணக்கில் நீங்காத மனச்சோர்வு ஆகியவற்றுக்கும் இந்த வழிகாட்டி போதாது; உளவியல் நிபுணரிடம் போங்கள். படி 2இல் எழுதிய தாளை எடுத்துச் செல்லுங்கள், முதல் சந்திப்பிலேயே அது அவருக்குப் பயன்படும்.

மற்றபடி, சறுக்கிய அன்றே அந்தத் தாளில் இன்னொரு வரி சேருங்கள்: எங்கே, எப்போது, சற்று முன் என்ன, உடனே கிடைத்தது என்ன. முதல் பத்தியில் புதிய இடமோ ஆளோ தென்பட்டால் படி 5க்குத் திரும்புங்கள். மூன்றாவது பத்தியில் நீங்கள் எதிர்பாராத பலன் தென்பட்டால், காரணத்தைத் தவறாகக் கணித்திருக்கிறீர்கள். படி 3இலிருந்து தொடங்குங்கள்.